மூலையில் உட்கார்ந்த எஃப்என் விசைக்காகப் பயாஸைத் திருத்தலாமா?

2012 வாக்கில் வாங்கிய லேப்டாப், மூன்று தொல்லைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். கீபோர்டின் கீழ் இடது மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் விசை இருக்கிறது. வேலை எதுவும் ஓடாதபோதும் ஃபேன் சத்தம் போடுகிறது. புதிதாக வாங்கிய வைஃபை கார்டைப் போட்டால் பயாஸ், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல், அதை ஏற்க மறுத்து, ஆன் ஆகும்போதே பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது. யாரோ திருத்தி வைத்த பயாஸ் கோப்பு ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை மதர்போர்டின் பயாஸ் சிப்பில் எழுதினால் மூன்றும் தீரும் என்று சொல்லியிருக்கிறார்கள். சிப்பில் எழுதும் கருவியான புரோகிராமரும், அதைச் சிப்போடு இணைக்கும் கிளிப்பும் மலிவுதான். எழுதிவிடலாமா, இல்லை சாஃப்ட்வேரிலேயே ஏதாவது செய்து ஒப்பேற்றிக்கொள்ளலாமா என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்த மூன்று தொல்லைகளும் உண்மையில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றனவா, ஒரே மருந்தில் தீரக்கூடியவையா? முதலில் அதைப் பார்த்தாக வேண்டும்.

நேராகச் சொல்வதென்றால், முதல் இரண்டுக்கும் பயாஸ் பக்கமே போக வேண்டியதில்லை. மூன்றாவதைச் சாஃப்ட்வேரால் தீர்க்க முடியாது. ஆனால் அதற்கும் பயாஸைத் திருத்துவது கடைசியாக யோசிக்க வேண்டிய வழி. மதர்போர்டு பழுதுபார்ப்பது என் தொழில். பயாஸ் எழுதப்போய் உயிர்விட்ட லேப்டாப்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றை உயிர்ப்பிக்க நானும் சிப்பில் எழுதுகிறவன்தான், அதனால் ஃபர்ம்வேர் (சிப்பிலேயே பதிந்திருக்கும் நிரல்) என்றாலே பதறுகிற ஆள் இல்லை. ஆனால் ஊர்பேர் தெரியாத ஒருவரின் கோப்பை அப்படியே எழுதுவதும், நம் சிப்பிலிருந்தே நகல் எடுத்து அதில் ஒரே ஒரு இடத்தைத் திருத்தி எழுதுவதும் ஒன்றில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள்.

எஃப்என் விசையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எந்தத் தொல்லை எந்த அடுக்கில் இருக்கிறது என்பது இதில்தான் நன்றாகத் தெரியும். லேப்டாப் கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினால் அது நேரே விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ போவதில்லை. மதர்போர்டில் எம்படட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. சுருக்கமாக ஈசி என்பார்கள். கீபோர்டு, ஃபேன், பேட்டரி சார்ஜிங், பவர் பட்டன், மூடி திறந்திருக்கிறதா என்பது வரை அதன் பொறுப்புதான். விசையை அழுத்தியதும் ஈசி அதை ஸ்கேன்கோடாக, அதாவது எந்த விசை என்று சொல்லும் எண்ணாக, மாற்றி மேலே அனுப்புகிறது. எஃப்என் மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலான மாடல்களில் ஈசி அந்த அழுத்தலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கூட இன்னொரு விசை அழுத்தப்பட்டால் மட்டும் 'வெளிச்சத்தைக் கூட்டு', 'ஒலியைக் குறை' போன்ற ஒரு சிக்னலை அனுப்பும். ஆகவே எஃப்என் அழுத்தப்பட்டது என்பதே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எந்த மென்பொருளும் கன்ட்ரோலாக மாற்ற முடியாது. சில மாடல்களில் எஃப்என்னைத் தனியாக அழுத்தினாலும் ஏதோ ஒரு கோடு வரும். ஆனால் அழுத்திப் பிடித்திருப்பதும் விடுவதும் தனித்தனியாக வந்தால்தான் அதைக் கன்ட்ரோலாகப் பயன்படுத்தலாம், அப்படி வருவது அரிது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: லினக்ஸில் ஈவிடெஸ்ட் என்ற சிறு கருவியை ஓட்டிவிட்டு எஃப்என்னை மட்டும் அழுத்துங்கள். திரையில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் அந்தக் கதவு மூடியிருக்கிறது.

இங்கேதான் உங்களுக்குக் கிடைத்த கோப்பின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வருகிறது. பயாஸும் ஈசியின் ஃபர்ம்வேரும் வேறு வேறு. சில போர்டுகளில் இரண்டும் ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பலவற்றில் ஈசிக்கு உள்ளேயே தனி நினைவகம் இருக்கும். இரண்டாவது வகை என்றால் பயாஸ் சிப்பில் எதை எழுதினாலும் எஃப்என் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கோப்பு மூன்று தொல்லைகளையும் தீர்க்கும் என்று சொன்னவர், மூன்றையும் சோதித்துப் பார்த்துத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

சரி, விசைக்கு என்ன செய்யலாம்? முதலில் பயாஸ் செட்டப்புக்குள் போய் கீபோர்டு பகுதியைப் பாருங்கள். லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்களில் பல வருடங்களாகவே எஃப்என்னையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றும் தேர்வு அங்கேயே இருக்கிறது. வேறு சில கம்பெனிகளும் கொடுத்திருக்கின்றன. இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காமல் மாதக்கணக்கில் மூலையைத் திட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தேர்வு இல்லையென்றால் மூலையை விட்டுவிட்டு கேப்ஸ்லாக்கைக் கன்ட்ரோலாக்குங்கள். கேப்ஸ்லாக் சாதாரண விசை, அதன் ஸ்கேன்கோடு மேலே வந்துவிடும். ஒரு வாரத்தில் சுண்டுவிரல் பழகிவிடும், அப்புறம் மூலை நினைவுக்கே வராது.

இதைச் செய்யும் வழிகளிலும் மேல், கீழ் உண்டு. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவி மூலம் மாற்றினால், நீங்கள் உள்நுழைந்த பிறகு அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் பலன். உள்நுழைவுத் திரையில் விசை பழையபடியே இருக்கும். ஷார்ப்கீஸ் போன்ற கருவி செய்வது வேறு. அது ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் ஸ்கேன்கோடு மேப் என்ற ஒரு பதிவை எழுதுகிறது, கீபோர்டு டிரைவரே அதைப் படித்துக்கொள்கிறது. மறுதொடக்கம் செய்தபின் உள்நுழைவுத் திரையிலும் வேலை செய்யும், பின்னணியில் எந்த நிரலும் ஓட வேண்டாம். லினக்ஸில் யூடெவ் என்ற சாதன நிர்வாகியின் ஹார்ட்வேர் பட்டியலில் இரண்டு வரி சேர்த்தால் வேலண்ட், எக்ஸ் என்ற இரு வகைத் திரை அமைப்புகள், வெறும் எழுத்துக் கன்சோல் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பொருந்தும். இந்த எதுவும் எட்டாத இடங்களும் உண்டு: பயாஸ் திரை, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் மெனு, விண்டோஸ் ஏறும் முன்பே பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு பின் எண் கேட்கும் திரை. அங்கெல்லாம் பழைய விசைதான். அந்தத் திரைகளில் கன்ட்ரோலை யார் அழுத்துகிறார்கள் என்று யோசித்தால் இது பெரிய இழப்பில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மறுபடி நிறுவினால் திரும்பவும் செய்ய வேண்டும், அது உண்மைதான். அந்த இரண்டு வரிகளை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசியையே திருத்துபவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், நியாயமான காரணத்தோடே செய்கிறார்கள். 2012-இல் வந்த எக்ஸ்230, டி430 திங்க்பேட்களில் புது வடிவக் கீபோர்டு வந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்220, டி420-இன் ஏழு வரிசைக் கீபோர்டு இவற்றில் சிறு சில்லறை வேலைகளோடு பொருந்தும், ஆனால் சில விசைகள் தப்பான கோடு அனுப்பும் அல்லது செத்துக்கிடக்கும். காரணம் ஈசியில் இருக்கும் அட்டவணை. சாஃப்ட்வேருக்கு எட்டாத இடம். அதற்காகத் திறந்த மூலத் திட்டம் ஒன்று உருவாகி, கம்பெனியின் அதிகாரபூர்வ அப்டேட் கோப்பையே எடுத்து, அது சரியான கோப்புதானா என்று சரிபார்த்து, குறிப்பிட்ட சில பைட்டுகளை மட்டும் மாற்றி எழுதுகிறது. மாற்றம் என்ன என்று யாரும் படித்துப் பார்க்கலாம், அதே மாடலில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு: பின்னால் வந்த பயாஸ் பதிப்புகள் இந்த வழியை அடைத்துவிட்டன, பழைய பதிப்புக்கு இறங்கவும் விடுவதில்லை. ஈசி கெட்டால் வரும் கஷ்டமும் தனி. பவர் பட்டனைப் பார்த்துக்கொள்வதே ஈசி என்பதால், அது செத்தால் பட்டனை அழுத்தினாலும் விளக்கு எரியாது. பல போர்டுகளில் அதன் உள் நினைவகத்தைச் சாதாரணக் கிளிப்பால் தொடவும் முடியாது. கேப்ஸ்லாக் சும்மா இருக்கும்போது கன்ட்ரோலுக்காக இதில் இறங்க வேண்டாம்.

ஃபேன் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். இத்தனை வருடம் ஓடிய மெஷினில் ஃபேன் சத்தம் போட்டால் எந்த நிரலையும் தேடுவதற்கு முன் மூடியைக் கழற்றுங்கள். ஹீட்சிங்கின் செம்புத் தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்தாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். அதற்குப் பிறகும் சத்தம் என்றால் வெப்பத்தைக் குறையுங்கள்: விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தால் டர்போ, அதாவது பிராசசர் அவ்வப்போது எடுக்கும் கூடுதல் வேகம், நின்றுவிடும், லினக்ஸிலும் டர்போவை அணைக்க வழி உண்டு. வேகம் கொஞ்சம் குறையும், தினசரி வேலையில் தெரியாது. கடைசியாக, திங்க்ஃபேன், நோட்புக் ஃபேன்கன்ட்ரோல் போன்ற நிரல்கள் ஓடும் நேரத்தில் ஈசியிடம் ஃபேன் வேகத்தை நேரடியாகச் சொல்லும். இவை எதையும் நிரந்தரமாக எழுதுவதில்லை, பிடிக்கவில்லை என்றால் அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். ஒரே பயம், ஃபேனை நிறுத்திவிட்டு நிரல் தொங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது. லினக்ஸின் திங்க்பேட் டிரைவரில் இதற்கென்றே வாட்ச்டாக் என்ற காவல் டைமர் இருக்கிறது. 1 முதல் 120 வினாடி வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் புதுக் கட்டளை வராவிட்டால் ஃபேன் மறுபடி தானியங்கிக்குப் போய்விடும். பிராசசர் 100 டிகிரியை ஒட்டி வந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், முடியாவிட்டால் அணைந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மின்சப்ளைப் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் அந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிடையாது. அதனால் ஃபேனை முழுசாக நிறுத்தும் அமைப்பு வேண்டாம், மெதுவாகச் சுற்றட்டும்.

இனி வைஃபை. இதுதான் உண்மையான சிக்கல். பயாஸ் ஆன் ஆகும்போது ஸ்லாட்டில் இருக்கும் கார்டின் அடையாள எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிடுகிறது, பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. பழைய திங்க்பேட்களில் இது 1802 என்ற பிழை எண்ணோடு வரும். லேப்டாப்பின் ஆன்டெனாவோடு சேர்த்து அந்தந்த கார்டுக்குத்தான் ரேடியோ சான்றிதழ் வாங்கியிருக்கிறோம் என்பது கம்பெனிகள் தரப்பில் சொல்லப்படும் காரணம். அது முழுக் காரணமா, பாகம் விற்கும் ஆசையும் கலந்ததா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. எப்படியானாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பிறப்பதற்கு முன்பே நடக்கிற சோதனை இது, அதனால் டிரைவரோ கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) அமைப்போ உதவாது. பயாஸ் சோதனை முடிந்த நொடியில் கார்டைச் செருகினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஸ்லாட் மின்சாரம் ஓடும்போது செருகுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஒரு கார்டுக்காகப் போர்டையே பணயம் வைப்பது அது.

சாஃப்ட்வேர் உதவாது என்றதும் பயாஸுக்குத் தாவ வேண்டியதில்லை. கம்பெனியின் சர்வீஸ் கையேட்டில் உங்கள் மாடலுக்கு எந்தெந்த வைஃபை கார்டுகள் என்று பாக எண்ணோடு போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலிலேயே இப்போது இருப்பதைவிட நல்ல கார்டு இருக்கலாம். ஒரே சிப் இருந்தாலும் அந்தக் கம்பெனியின் பாக எண் உள்ள கார்டைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் சில பயாஸ்கள் துணை அடையாள எண்ணையும் சரிபார்க்கும். அதுவும் வேண்டாம் என்றால் விரல்நகம் அளவு யுஎஸ்பி வைஃபை ஒன்று போதும். ஒரு போர்ட் போய்விடும், உள் ஆன்டெனா அளவுக்குச் சிக்னல் வராமலும் போகலாம். ஆனால் நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிப் போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளேதான் அந்தக் கார்டு வேண்டும் என்றால், அப்போதுதான் சிப்பைப் பற்றிப் பேச வேண்டும். எட்டுக் கால்கள் உள்ள சின்னக் கறுப்பு சிப், எஸ்பிஐ ஃபிளாஷ் என்பார்கள். உங்கள் மெஷின் வந்த காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் 4, 8 அல்லது 16 எம்பி இருக்கும். உள்ளே இருப்பது பயாஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்டெல் மெஷினில் முதலில் டிஸ்கிரிப்டர் என்ற ஒரு வரைபடம், அப்புறம் லேன் கார்டின் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்), சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் சிறு கணினியான மேனேஜ்மென்ட் என்ஜினின் ஃபர்ம்வேர், கடைசியில்தான் பயாஸ். பயாஸ் பகுதிக்குள்ளும் பல மாடல்களில் உங்கள் போர்டின் சீரியல் எண், தனி அடையாளம், விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த மெஷின் என்றால் விண்டோஸ் லைசன்ஸ் சாவி எல்லாம் இருக்கும். வேறொருவரின் முழு நகலை எழுதினால் உங்கள் லேப்டாப் அவருடைய லேப்டாப்பின் அடையாளத்தோடு எழுந்திருக்கும். மேனேஜ்மென்ட் என்ஜின் பகுதி பழுதானால் வரும் அறிகுறி வேடிக்கையானது: மெஷின் ஒழுங்காக ஆன் ஆகும், விண்டோஸ் ஏறும், எல்லாம் சரி என்று நிம்மதியாக இருக்கும்போது 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். "பேட்டரி கோளாறு" என்று சொல்லி இப்படி ஒரு மெஷின் என்னிடம் வந்தது. சிப்பைப் படித்துப் பார்த்தபோது உள்ளே வேறொரு போர்டின் சீரியல் எண் இருந்தது.

கிளிப்பை மாட்டுவதும் பார்ப்பதற்குத்தான் சுலபம். பேட்டரி, சார்ஜர் இரண்டையும் கழற்றி, நாணய வடிவ சிமாஸ் பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் சின்னக் குழி இருக்கும், அதுதான் ஒன்றாம் கால். கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். பக்கத்தில் உயரமான பாகம் இருந்தால் கிளிப் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். பார்த்தால் கவ்வியிருப்பது போல் இருக்கும், ஆனால் ஏதோ ஒரு கால் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஃபிளாஷ்ரோம் என்ற மென்பொருளால் படித்தால் பிழை எதுவும் சொல்லாமல் ஒரு கோப்பு வந்துவிடும். மறுபடி படித்து இரண்டையும் ஒப்பிட்டால் பொருந்தாது. அப்படிப் பொருந்தாத நகலைக் காப்பு என்று நம்பி எழுத ஆரம்பித்தவர்களுக்குத் திரும்பி வர வழியே இருக்காது. கிளிப்பைக் கழற்றி மாட்டி, குறைந்தது மூன்று முறை படித்து, மூன்றும் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாக இருந்தால்தான் அது காப்பு. எல்லோரும் வாங்கும் கறுப்பு நிற சிஹெச்341ஏ புரோகிராமரில் ஒரு பழைய கோளாறும் உண்டு: சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட், ஆனால் டேட்டா கால்களில் 5 வோல்ட் போகும். பல சிப்புகள் தாங்கிக்கொள்ளும், தாங்காதவையும் உண்டு. புது லேப்டாப்களில் வரும் 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் இல்லாமல் இதை மாட்டவே கூடாது. சில மாடல்களில் சிப்பே இரண்டு இருக்கும். எக்ஸ்230-இல் 8 எம்பியும் 4 எம்பியுமாக இரண்டு உண்டு, பயாஸ் இரண்டிலும் பரவியிருக்கும்.

உங்கள் மெஷின் 2012 என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல்லிலிருந்து பூட் கார்டு என்ற வசதி வந்தது. கம்பெனி தன் சாவியின் அடையாளத்தைச் சிப்செட்டில் ஃபியூஸ்களாக எரித்துப் பூட்டிவிட்டால், அதன் கையொப்பம் இல்லாத பயாஸைப் பிராசசர் ஓட்டாது. ஏஎம்டி தரப்பிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. எல்லாக் கம்பெனிகளும் எல்லா மாடலிலும் பூட்டவில்லை. ஆனால் பூட்டியிருந்தால் கிளிப், புரோகிராமர் எதுவும் பிரயோஜனமில்லை. புது மெஷின் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் இதை முதலில் தேடிப் பார்க்கட்டும்.

எழுதி முடித்து மெஷினும் ஆன் ஆகிவிட்டால் கதை முடிந்ததா என்றால், இல்லை. டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் பயாஸின் அளவீட்டை, அதாவது அது மாறியிருக்கிறதா என்று காட்டும் கைரேகை போன்ற ஒன்றை, வைத்திருக்கிறது. பயாஸ் மாறியதும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் லேப்டாப் நலமாக இருக்கும், உங்கள் கோப்புகள் போய்விடும். கம்பெனியின் அடுத்த பயாஸ் அப்டேட்டைப் போட்டால் திருத்தம் அழிந்துவிடும், போடாவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. பிராசசரின் உள் நிரலான மைக்ரோகோடை விண்டோஸும் லினக்ஸும் தாங்களே ஏற்றிக்கொள்வதால் அந்த நஷ்டம் ஓரளவு குறையும், முழுதாக இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் கோப்பு யாருடையது என்பது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் கீழே ஓடுகிற நிரல் அது. ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் போகாது. 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் அப்படி எஸ்பிஐ சிப்பில் குடியேறிய வேவு நிரல்தான். உங்கள் கோப்பில் அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்காது. ஆனால் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதி வைக்காத ஒருவரின் கோப்பை வங்கிக் கணக்கு திறக்கும் மெஷினில் நான் எழுத மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபர்ம்வேர் என்றால் ஆபத்து, சாஃப்ட்வேர் என்றால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013-இல் சில சாம்சங் லேப்டாப்களில் யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) முறையில் லினக்ஸை ஏற்றியதற்கே மெஷின் செத்துப்போனது. 2016-இல் லினக்ஸில் எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளை ஃபர்ம்வேர் தன் அமைப்புகளைச் சேமிக்கும் மாறிகளையும் சேர்த்து அழித்து, மெஷின் மறுபடி எழாமல் போன விவகாரம் பெரிதானது. அதற்குப் பிறகுதான் கெர்னல் அவற்றைச் சுலபமாக அழிக்க முடியாதபடி பூட்டியது. 2017 கடைசியில் உபுண்டு 17.10-ஐப் பதிவிறக்கத்திலிருந்தே எடுத்தார்கள், அதிலிருந்த ஒரு டிரைவர் சில லேப்டாப்களின் பயாஸ் சிப்பைக் குழப்பியதால். மறுபக்கம், கியூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் ஓடும் கீபோர்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஃபர்ம்வேர் எழுதுவேன். அதன் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல்) தனி, எவ்வளவு கெடுத்தாலும் ரீசெட்டை அழுத்தி மறுபடி எழுதலாம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் ஆதரிக்கும் பல ரவுட்டர்களிலும் கெட்டால் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாகத் திரும்பக் கொண்டுவரலாம். சில டெஸ்க்டாப் போர்டுகளில் இரண்டாவது பயாஸ் சிப்பே இருக்கிறது. எழுதுவது எந்த அடுக்கில் என்பதைவிட, கெட்டால் திரும்ப வர என்ன வழி, அந்த வழி இப்போதே என் கையில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மேசையில் வைத்து வேலை செய்பவர் என்றால் கியூஎம்கே கீபோர்டு ஒன்று உங்கள் கன்ட்ரோல் பிரச்சினையையும் சேர்த்துத் தீர்க்கும் என்பது கூடுதல் தகவல்.

நடுவிலும் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: தப்பு ஃபர்ம்வேரில் இருந்தாலும், அதைத் தொடாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டும் திருத்திய நகலைக் கொடுப்பது. ஸ்லீப்பிலிருந்து எழாதது, பேட்டரி அளவு தப்பாகக் காட்டுவது போன்றவற்றில் சில, மின்சாரத்தையும் பாகங்களையும் எப்படிக் கையாள்வது என்று பயாஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணையின் தப்பால் வருகின்றன. லினக்ஸில் திருத்திய அட்டவணையை ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கெர்னலோடு சேர்த்து ஏற்றலாம், கையொப்பம் சரிபார்க்கும் செக்யூர் பூட் மட்டும் அணைந்திருக்க வேண்டும். சரிவரவில்லை என்றால் அந்தக் கோப்பை நீக்கினால் போதும். மானிட்டர் தன் ரெசல்யூஷனைத் தப்பாகச் சொன்னாலும் இதே கதை: மானிட்டருக்குள் இருக்கும் 128 பைட் ஈடிஐடி என்ற அடையாளத் தகவலை அழித்து எழுதுபவர்கள் உண்டு. விண்டோஸில் சிஆர்யூ என்ற கருவியாலோ லினக்ஸில் ஒரு கெர்னல் தேர்வாலோ மானிட்டரைத் தொடாமலே முடிக்கலாம். பயாஸில் மறைந்திருக்கும் அமைப்பை கிரப் வழியாக மாற்றும் வித்தை ஒன்றும் சுற்றுகிறது. அதை மட்டும் இந்த வகையில் சேர்க்காதீர்கள். எந்த இடத்தில் எழுத வேண்டும் என்ற எண் பயாஸ் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஒரு பைட் தள்ளிப் போனாலும் திரை வராமல் போகலாம்.

உங்கள் மெஷின் என்னிடம் இருந்தால் இன்று செட்டப்பில் எஃப்என் தேர்வைத் தேடுவேன், இல்லையென்றால் கேப்ஸ்லாக்கை மாற்றுவேன். விடுமுறை நாளில் ஃபேனைச் சுத்தம் செய்வேன். மூடியைக் கழற்றியிருக்கும்போதே பயாஸ் சிப் எங்கே இருக்கிறது, ஒன்றா இரண்டா, மேலே என்ன எண் எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வேன். வைஃபைக்கு இப்போதைக்கு யுஎஸ்பி. மாடல் தெரியாமல் இதற்கு மேல் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும்: உங்கள் ஈசி எந்த வகை, பயாஸ் பட்டியலை நீக்கும் திருத்தம் உங்கள் பதிப்புக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் மாடலைப் பொறுத்தது. மாடல் எண், செட்டப்பின் முதல் பக்கத்தில் இருக்கும் பயாஸ் பதிப்பு, வைஃபை கார்டு போட்டபோது வந்த பிழைச் செய்தி மூன்றையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். அந்தக் கோப்பைக் கொடுத்தவர் அதிகாரபூர்வ பயாஸில் எந்த இடங்களை மாற்றினார் என்று பட்டியல் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், என் மேசையில் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை புரோகிராமர் வாங்க வேண்டாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 3.3க்கும் 1.8க்கும் மாற்றிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், முதல் நாள் அதை வைத்துப் படிக்க மட்டும் செய்யுங்கள்.